கோடீஸ்வரர்களின் தொழிற்சங்கம்

அன்புள்ள ஐயா,

அமெரிக்க பேஸ்பால் ஆட்டக்காரர்களின் கூட்டு ஒப்பந்தம் 2026 டிசம்பர் 1ஆம் தேதி முடிகிறது, மறுபடியும் மோதல் வரலாம் என்று எழுதியிருந்தீர்கள். அவர்களைத் ‘தொழிலாளர்கள்’ என்றது எனக்கு உறுத்தியது. நான் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். இங்கே ஒப்பந்தத் தொழிலாளி வாய் திறந்தால் மறுநாள் கேட்டுக்குள் விடமாட்டார்கள். அங்கே வருடத்துக்குப் பல கோடி வாங்குகிறவர் மட்டையைக் கீழே போட்டுவிட்டு வேலைநிறுத்தம் என்கிறார். பணக்காரனுக்கும் பெரும்பணக்காரனுக்கும் நடக்கிற பாகப்பிரிவினைதானே இது? நடுவில் ரசிகன்தானே ஏமாளி?

கே., ஓசூர்

அன்புள்ள கே.,

பாகப்பிரிவினை என்பது இன்றைய நிலைமைக்கு ஓரளவு பொருந்தும். ஆனால் அந்தச் சொத்தில் ஆட்டக்காரருக்கும் பங்கு உண்டு என்பதே சங்கம் போராடிய பிறகு வந்ததுதான். கோடிகளைக் காட்டிச் சங்கம் எதற்கு என்கிறீர்கள். சங்கம் இல்லாவிட்டால் அந்தக் கோடிகளே இல்லை.

1966இல் எஃகுத் தொழிலாளர் சங்கத்தில் பொருளாதார நிபுணராக இருந்த மார்வின் மில்லர் இவர்களுடைய சங்கப் பொறுப்புக்கு வந்தார். அப்போது குறைந்தபட்சச் சம்பளம் ஆண்டுக்கு 6,000 டாலர். 1947இல் அது 5,000. ஏறக்குறைய இருபது வருஷத்தில் ஏறியது ஆயிரம் டாலர்! சீசன் முடிந்ததும் வேறு வேலை தேடிப் போன ஆட்டக்காரர்கள் ஏராளம். அதைவிடக் கொடுமை, ஒருமுறை கையெழுத்துப் போட்ட அணியை விட்டு அவராக வெளியேற முடியாது. அணி அவரை விற்கலாம், மாற்றிக்கொள்ளலாம், துரத்தலாம்.

செயின்ட் லூயிஸ் அணியில் பன்னிரண்டு ஆண்டுகள் ஆடிய கர்ட் ஃப்ளட்டை 1969இல் ஃபிலடெல்ஃபியாவுக்கு மாற்றினார்கள். அவருடைய சம்பளம் 90,000 டாலர், அன்றைக்கு அது பெரிய தொகை. போகமாட்டேன், நான் வாங்கி விற்கிற சொத்து இல்லை என்று பேஸ்பால் லீக்குகளின் தலைமை அதிகாரியான கமிஷனருக்குக் கடிதம் எழுதிவிட்டு அவர் நீதிமன்றம் போனார். பெரிய லீக்கின் நிறத்தடையை உடைத்த பழைய ஆட்டக்காரர் ஜாக்கி ராபின்சன் சாட்சிக்கூண்டில் ஏறினார். அப்போது ஆடிக்கொண்டிருந்த ஒருவர்கூட எட்டிப் பார்க்கவில்லை. பேஸ்பாலுக்கு ஏகபோகத் தடைச் சட்டம் பொருந்தாது என்று 1922இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. 1972இல், அந்த விலக்கு முறையற்றதுதான் என்று ஒப்புக்கொண்டே, 5-3 என்று ஃப்ளட்டுக்கு எதிராகத் தீர்ப்பு வந்தது. இந்த வழக்கில் அவருடைய ஆட்ட வாழ்க்கையே போயிற்று.

இவர் கதையைத்தான் எல்லோரும் எழுதுகிறார்கள். எழுதவேண்டியதும்தான். ஆனால் பூட்டு திறந்தது வேறு இடத்தில். 1970 ஒப்பந்தத்தில் மில்லர் ஒரு ஷரத்தை வாங்கி வைத்திருந்தார்: ஒப்பந்தத் தகராறுகளைக் கமிஷனருக்குப் பதிலாகச் சுயேச்சையான மத்தியஸ்தர் விசாரிக்க வேண்டும். கமிஷனர் முதலாளிகளிடம் சம்பளம் வாங்குகிறவர் அல்லவா? உங்களைப் போல ஆலையில் இருப்பவருக்கு இதன் அருமையை விளக்க வேண்டியதில்லை.

இனி, ஆட்டக்காரர்களைக் கட்டிப்போட்ட அந்தப் பழைய ஒப்பந்தப் பத்தி. ஆட்டக்காரர் கையெழுத்துப் போடாவிட்டால், ஒப்பந்தத்தை அதே நிபந்தனைகளில் ஓராண்டுக்கு அணி நீட்டிக்கலாம். ‘அதே நிபந்தனைகள்’ என்றால் நீட்டிக்கும் உரிமையும் அதில் அடக்கம் என்று முதலாளிகள் வாதிட்டார்கள். அதாவது ஓராண்டு, பிறகு இன்னோராண்டு, அப்படியே ஆயுள் முழுக்க. 1975இல் லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ் அணியின் பிட்சர் (பந்து வீசுபவர்) ஆண்டி மெஸ்ஸர்ஸ்மித் கையெழுத்துப் போடாமலே சீசன் முழுவதும் ஆடினார். டேவ் மெக்னாலி என்ற இன்னொரு பிட்சரும் வழக்கில் சேர்ந்தார். மூன்று பேர் கொண்ட மத்தியஸ்தக் குழுவில் இரு தரப்புக்கும் ஆளுக்கொரு ஓட்டு. மிச்ச ஓட்டு சுயேச்சையான மத்தியஸ்தர் பீட்டர் சைட்ஸுக்கு. நீங்களே பேசி முடித்துக்கொள்ளுங்கள் என்று அவர் முதலாளிகளிடம் சொல்லிப் பார்த்தார், கேட்கவில்லை. டிசம்பர் 23 அன்று, ஓராண்டு என்றால் ஓராண்டுதான் என்று தீர்ப்பளித்தார். கையோடு அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள்.

அதன் பிறகு மில்லர் செய்ததுதான் சாமர்த்தியம். வருஷாவருஷம் எல்லோரையும் விட்டுவிடுங்கள் என்றார் ஓக்லண்ட் முதலாளி சார்லி ஃபின்லி. மற்ற முதலாளிகள் அவரைக் கிறுக்கர் என்று நினைத்தார்கள். மில்லருக்கோ வயிற்றில் புளி கரைந்தது, ஏனென்றால் சந்தையில் தக்காளி குவிந்தால் விலை என்ன ஆகும்? அதனால் ஆறு ஆண்டு ஆடியவருக்கே அணியை விட்டுப் போகும் விடுதலை என்று 1976இல் பேசி முடித்தார். ஆண்டுதோறும் கொஞ்சம் பேர் மட்டும் வெளியே வந்தார்கள், சம்பளம் ஏறியது. இன்றைய குறைந்தபட்சம் 7,80,000 டாலர்.

ரசிகன் ஏமாளி என்பதில் உங்களோடு நிற்கிறேன். 1994 ஆகஸ்ட் 12 அன்று ஆட்டக்காரர்கள் தொடங்கிய வேலைநிறுத்தம் 232 நாள் நீடித்தது. இரண்டு உலகப் போரிலும் நிற்காத வேர்ல்ட் சீரிஸ் என்ற இறுதிச் சாம்பியன் போட்டி அந்த ஆண்டு நின்றது. 74 வெற்றி, 40 தோல்வியோடு எல்லோருக்கும் மேலே இருந்த மான்ட்ரியல் அணி அதிலிருந்து எழவே இல்லை, 2005இல் வாஷிங்டனுக்குப் பெயர்ந்தது. ஆனால் சண்டையின் காரணம் முதலாளிகள் கேட்ட சம்பள உச்சவரம்பு. பேச்சு முறிந்ததும் அவர்களே அதை அமல்படுத்தினார்கள். பிறகு உச்ச நீதிமன்றத்துக்குப் போன சோனியா சோட்டோமேயர், அப்போது மாவட்ட நீதிபதி, 1995 மார்ச் 31 அன்று பழைய நிபந்தனைகளைத் திரும்பக் கொண்டுவரச் சொன்ன பிறகே ஆட்டம் தொடங்கியது. 2021 டிசம்பரில் தொடங்கி 99 நாள் நீடித்ததோ முதலாளிகள் போட்ட கதவடைப்பு. அதையும் ஆட்டக்காரர் கணக்கில் எழுதுவது நியாயமில்லை.

நீங்கள் தேடும் தொழிலாளி, பெரிய அணிகளுக்கு ஆள் தயாராகும் கீழ்நிலை லீக்குகளில் இருக்கிறார். அடிமட்டத்தில் ஆண்டுக்கு 4,800 டாலர் வாங்கிக்கொண்டிருந்தார்கள். 2022இல் அவர்கள் இதே சங்கத்தில் சேர்ந்தார்கள். மறு ஆண்டு ஒப்பந்தத்தில் அது 19,800 ஆனது. கோடீஸ்வரர்களின் சங்கம்தான் வாங்கிக்கொடுத்தது.

ஒன்று விட்டுப்போயிற்று. 1995 வசந்தகாலப் பயிற்சியில், வேலைநிறுத்தத்தில் இருந்தவர்களுக்குப் பதிலாக முதலாளிகள் மாற்று ஆட்டக்காரர்களை இறக்கினார்கள். பால்டிமோர் முதலாளி பீட்டர் ஆஞ்சலோஸ், தொழிலாளர் வழக்கறிஞராக இருந்தவர், தன் அணியில் அவர்களை ஆடவிட மறுத்தார். அப்படி ஆடியவர்களைச் சங்கம் பிறகு உறுப்பினராக்கவே இல்லை. அவர்களில் ஒருவரான கெவின் மிலார் 2004இல் பாஸ்டன் அணியோடு வேர்ல்ட் சீரிஸையே வென்றார். அப்போதும் சேர்த்துக்கொள்ளவில்லை. சங்க உரிமம் பெற்ற பொருள்களில் அவர் பெயரைப் போட முடியாது. நம் ஊர் ஆலை வாசலில் இப்படிப்பட்டவரை என்ன சொல்லி அழைப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும்.