லுக்குமாதெஸ் உள்ள வேகலையா? அக்கா பதில் சொல்லுதேன்

கேள்வி (பாளையங்கோட்டை வாசகி): அக்கா, எங்க வீட்டுக்காரவ கப்பல்ல வேலை பாக்காவ. கிரீஸ்ல லுக்குமாதெஸ்னு தேன் ஊத்துன உருண்டையைத் தின்னுட்டு வந்து கிறிஸ்மஸுக்கு அதான் வேணும்ங்காவ. போட்டுப் பாத்தேன், வெளிய செவந்துட்டு, உள்ள பச்சை மாவு. கையில வேற ஒரேயடியா ஒட்டுது.

பதில்: ஒட்டுதுன்னு இன்னும் மைதாவை அள்ளிப் போட்டிருப்பீங்க தங்கச்சி, அங்கனதான் சோலி முடிஞ்சது. இந்த மாவு ஒட்டத்தான் செய்யும், கரண்டியில எடுத்தா பட்டையா இழுத்துக்கிட்டு விழணும். 250 கிராம் மைதாவுக்கு இன்ஸ்டன்ட் ஈஸ்ட் ஒரு டீஸ்பூன், சீனி ஒரு டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன், வெதுவெதுப்பான தண்ணி 220 மில்லி சுமாருக்கு. தண்ணி கொதிக்கக் கொதிக்க ஊத்துனா ஈஸ்ட் செத்துரும், விரலை விட்டா சுடக்கூடாது. நல்லா அடிச்சு மூடி வைங்க, நம்மூரு வெக்கைக்கு ஒரு மணி நேரமே தாராளம், மேல பூரா குமிழ் குமிழா வந்து மாவு ரெண்டு பங்கா எழும்பிரும், பொறவு அதைக் கலக்காதீங்க, கலக்குனா உள்ள இருக்க காத்தெல்லாம் போயிரும், காத்து போச்சுன்னா உருண்டை கெட்டியாத்தான் வரும்.

உருட்டுறதுக்குன்னு ஒரு கைப்பழக்கம் இருக்கு. இடது கையில மாவை அள்ளி மூடிப் பிதுக்குனா பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல குமுக்குன்னு ஒரு உருண்டை வரும், அதை எண்ணெயில முக்குன ஸ்பூனால வெட்டி சட்டியில விடணும், ஒவ்வொரு தடவையும் ஸ்பூனை முக்கணும், இல்லைன்னா வாலு வாலா விழும். மொத ஈடு கோணலாத்தான் வரும், அதைப் பிள்ளையளுக்குக் குடுத்துருங்க.

வெளிய செவந்து உள்ள வேகலைன்னா எண்ணெய் காந்திருக்கு. 175 டிகிரி பக்கம் இருந்தாப் போதும். தெர்மாமீட்டர் இல்லாட்டி ஒரு சொட்டு மாவு விடுங்க, அடியில போயி பைய மேல வரணும், விட்ட உடனே கருகக்கூடாது. இருப்புச்சட்டி கொள்ளுற மட்டும் அடைச்சுப் போடாதீங்க. கடலெண்ணெய் நல்லாருக்கும், நல்லெண்ணெய் வேண்டாம், தேன் வாசத்தை அமுக்கிரும்.

கேள்வி (அம்பாசமுத்திரம் வாசகர்): தேன் விக்கிற வெலைக்கு உடன்குடி கருப்பட்டிப் பாகு ஊத்தலாமா? ஈஸ்டுக்குப் பதிலா ஆப்ப சோடா?

பதில்: சோடா போட்டா போண்டா வரும் தம்பி, லுக்குமாதெஸ் வராது. உள்ள கூடு மாதிரி இருக்கதும் அந்த லேசான புளிப்பு வாசமும் ஈஸ்ட் புளிக்கிறதுலதான் வருது. கருப்பட்டி தாராளமா ஊத்துங்க, ருசி பிரமாதம், ஆனா அதைக் கிரீஸ்காரன் பலகாரம்னு மட்டும் சொல்லாதீங்க. மாவுல இனிப்பே தெரியாதுல்லா, ருசி பூரா மேல ஊத்துற தேன்லயும் தூவுற பட்டைப் பொடியிலயும் வால்நட்லயும்தான். கட்டுபடி ஆகணும்னா தேன்ல பாதி அளவு தண்ணி விட்டு லேசா சூடாக்கி எறக்கிருங்க. ஆற வச்ச தேன், சூடான உருண்டை, அதுதான் கணக்கு. முட்டையோ பாலோ சேராது, மார்கழியில கவுச்சி தொடாதவங்களும் சாப்பிடலாம்.

கேள்வி (நாங்குநேரி வாசகி): இதுக்கும் பண்டிகைக்கும் என்ன சம்பந்தம்?

பதில்: வருசம் பூராவும் கடையில கெடைக்கிற சாமான்தான். ஆனா கிரேக்கம் பேசுற சைப்ரஸ் தீவுல ஒரு பழக்கம் உண்டு. கிறிஸ்மஸுக்கும் ஜனவரி 6-க்கும் நடுவுல பூமிக்கடியில இருந்து கலிகாஞ்சரினு குட்டிச்சாத்தான்க மேல வந்து சேட்டை பண்ணும்னு ஒரு நம்பிக்கை, 5-ஆம் தேதி இந்த உருண்டையைப் பொரிச்சு வீட்டுக்கூரை மேல எறிவாங்க, தின்னுட்டுக் கெளம்பட்டும்னு. பேய்க்கும் பலகாரம் குடுத்து அனுப்புற ஊரு, எனக்குப் பிடிச்சிருக்கு.

கேள்வி (டவுன் வாசகி): மெட்ராஸ்ல இருக்க மகளுக்கு இதைப் பார்சல் விடலாமா?

பதில்: வேண்டாம்மா. லுக்குமாதெஸ் ஒரு மணி நேரம் போனாலே சவசவன்னு ஆயிரும். அதுக்கு திப்லெஸ்னு ஒரு சுருள் பலகாரம் போடுங்க, கிரீஸோட தெக்குப் பக்கம் பெலோப்பொனேசுல கல்யாணத்துக்கும் கிறிஸ்மஸுக்கும் போடுதாவ. 250 கிராம் மைதா, ரெண்டு முட்டை, கொஞ்சம் ஆரஞ்சு சாறு, பிசைஞ்சு அரை மணி நேரம் மூடி வச்சு, அப்பளத்தை விட மெல்லிசா தேச்சு பட்டையா வெட்டிக்கணும். எண்ணெயில போட்ட உடனே, வெறைக்கறதுக்கு முந்தி, ரெண்டு முள்ளுக்கரண்டியால சுருட்டிரணும். அவங்க மாவுல பிராந்தி ஒரு ஸ்பூன் விடுவாங்க, அது இல்லாமலும் வரும். தேன் ஊத்தாம டப்பாவுல அடைச்சா நாள்பட மொறுமொறுன்னு இருக்கும். தேனைத் தனி பாட்டில்ல ஊத்தி மூடியைச் சுத்தி டேப் ஒட்டி விடுங்க, பஸ்காரங்க பார்சலைத் தலைகீழாத்தான் வைப்பாங்க.