வாசகர் கேள்வி – பதில்: காகிதத்துக் கோடும் காற்றில் ஆடும் நூலும்

கேள்வி: ஓவியம் பயின்ற நான், எங்கள் பகுதியின் ஊருணிகளையும் தெருக்களையும் கோட்டோவியங்களாக வரைந்து வருகிறேன். அவற்றை எங்கள் பழைய வீட்டின் வளவில் (உள்முற்றத்தில்) துணியால் ஆன நிறுவல் கலையாக, அதாவது இடத்தோடு இணைந்து நிற்கும் படைப்பாக (installation), அமைக்க விரும்புகிறேன். ஆத்தங்குடித் தரைக்கல்லின் பூ வடிவங்களைக் கட்டமிட்ட கண்டாங்கித் துணியில் பெரிதாக அச்சிட்டுத் தொங்கவிடலாம் என்பது என் எண்ணம். வீட்டார் இதைத் தோரணம் என்கிறார்கள். இயற்கையையும் நகரத்தையும் நூலில் சொன்ன கலைஞர்கள் உண்டா?
— ஒரு வாசகி, தேவகோட்டை

பதில்: வீட்டார் சொன்னதற்காக மனம் தளர வேண்டாம், ஆனால் படைப்பு வெறும் அலங்காரமாகிவிடக் கூடாது என்று அச்சொல்லில் உள்ள எச்சரிக்கைக்குச் செவிகொடுங்கள். காகிதத்தில் எடையற்றிருந்த கோடு, நூலாக மாறியதும் கனக்கிறது, தொய்கிறது, காற்றில் அசைகிறது, தரையில் நிழலாக விழுகிறது. இவற்றையெல்லாம் எண்ணி வரையப்படும் படமே நிறுவலுக்கு உரிய படம்.

இதற்கு நம் கடற்கரையிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. அமெரிக்கக் கலைஞர் ஜேனட் எக்கல்மேன் 1997-இல் ஓவியக் காட்சி நடத்த இந்தியா வந்தபோது, அவர் அனுப்பியிருந்த வண்ணங்கள் வந்து சேரவில்லை. மாமல்லபுரத்தில் வெண்கல வார்ப்பை முயன்றார். பெரிய உருவங்களுக்கு அது கனமாகவும் செலவு மிகுந்ததாகவும் இருந்தது. மீனவர்கள் வலைகளை மணலில் குவிக்கும், நாள்தோறும் கண்ட காட்சிதான் அவருக்கு வழிகாட்டியது. கனமின்றிப் பருமன் கொண்ட உருவங்களை அந்த மீனவர்களோடு சேர்ந்தே வலையில் படைத்தார். 2015-இல் பாஸ்டன் நகரின் உயர்ந்த கட்டடங்களுக்கிடையே அவர் கட்டிய வலையில் மூன்று பெரிய வெற்றிடங்கள் இருந்தன. துறைமுகப் பகுதியைத் தூர்த்து நிலமாக்குவதற்காக வெட்டிச் சமன்செய்யப்பட்ட மூன்று குன்றுகளின் நினைவு அவை. வலையின் வண்ணப் பட்டைகளோ, அதே இடத்தில் ஒரு காலத்தில் நகரைப் பிளந்து சென்ற ஆறுவழிச் சாலையைக் குறித்தன. மறைந்த மலையையும் மறைந்த சாலையையும் ஒரே நூலில் சேர்த்த அந்தப் படைப்பை நான் மிகவும் மதிக்கிறேன். தறியே இல்லாமல், சாயமேற்றிய சணல் கயிற்றைக் கையால் முடிச்சிட்டுச் செடி, மலர், தெய்வ உருவங்களை எழுப்பிய மிருணாளினி முகர்ஜியின் (1949–2015) படைப்புகளையும் தேடிப் பாருங்கள்.

இனி உங்கள் ஊருக்கு வருவோம். ஆத்தங்குடிப் பூ, கண்ணாடிப் பலகைமேல் வைத்த அச்சுச்சட்டத்துக்குள் வண்ணச் சாந்து ஊற்றப்பட்டுத் தரைக்கென்றே பிறந்த வடிவம். கண்டாங்கியின் கட்டமோ, பாவும் (நீள நூல்) ஊடையும் (குறுக்கு நூல்) குறுக்கிடும் இடத்தில் நூலாலேயே பிறப்பது. அதன் மேல் வேறொன்றை அச்சிடுவது, துணி ஏற்கெனவே சொல்லிக்கொண்டிருப்பதை மறைப்பதாகும். செங்கோணமாக வெட்டிக்கொள்ளும் உங்கள் தெருக்களும், ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீளும் வீடுகளும் அந்தக் கட்டத்துக்கு நெருங்கிய உறவு அல்லவா? ஓட்டுக் கூரைச் சரிவுகளிலிருந்து முற்றத்தில் விழுந்து, வடிகால் வழியே தெருவைக் கடந்து ஊருணியைச் சேரும் மழைநீரை வரையுங்கள். மேலிருந்து பார்க்கும் படம் மட்டும் போதாது; வீட்டின் குறுக்குவெட்டையும் வரைந்து, அட்டையும் தையல் நூலும் கொண்டு பத்தில் ஒரு பங்கு அளவில் மாதிரி செய்யுங்கள். பிறகு நெசவாளர் ஒருவரிடம் சென்று, ஓரிடத்தில் ஊடையை நிறுத்திப் பாவு நூலை மட்டும் நீளமாக விட்டுத் தர முடியுமா என்று கேளுங்கள். கூரை விளிம்பிலிருந்து இறங்கும் அந்நூல்களே மழையாகும். தேக்குத் தூண்களில் ஆணி அடிக்காமல், தனிச் சட்டம் நிறுத்திக் கட்டுங்கள். பருத்தி ஈரத்தில் கனக்கும் என்பதால், ஒரு வாரம் திறந்த முற்றத்தில் தொங்கவிட்டுப் பார்ப்பது நல்லது.

கேள்வி: பாட்டியின் பழைய கண்டாங்கிச் சேலைகளை இத்தகைய படைப்புக்குக் கொடுக்கலாமா?
— ஒரு வாசகர், காரைக்குடி

பதில்: கொடுக்க வேண்டாம். அருங்காட்சியகங்கள் பழந்துணிகள் மீது பொதுவாக 50 லக்ஸ் (ஒளியை அளக்கும் அலகு) அளவுக்கு மேல் ஒளி படாமல் காக்கின்றன. முற்றத்து நண்பகல் வெயில் அதைப் போல் ஆயிரம் மடங்கைத் தாண்டும், சாயமும் இழையும் அதைத் தாங்கா. மடிப்புகளில் நூல் முறியும் என்பதால், சேலைகளைத் தூய பருத்தித் துணியோடு உருளையில் சுற்றி வையுங்கள். கலைஞருக்கு உதவ விரும்பினால், 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற காரைக்குடிக் கண்டாங்கியை நெசவாளரிடமே புதிதாக வாங்கிக் கொடுங்கள்.