கடுங்குளிரில் ரைஃபிள் 'கிளிக்' என்கிறது, வெடிக்கவில்லை. எண்ணெய் இன்னும் அதிகமாகப் போட வேண்டுமா?

வேண்டாம் தம்பி. போட்டிருக்கும் எண்ணெயை முதலில் துடைத்து எடுங்கள்.

நீங்கள் கனடாப் பக்கம் இருந்து, லைசென்ஸ் எடுத்து மான் வேட்டைக்குப் போகிறவர் என்று நினைக்கிறேன். "காட்டில் மைனஸ் 25ல் கிளிக் மட்டும் வருகிறது, வீட்டுக்குள் கொண்டுவந்து பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். வீட்டுச் சூட்டில் எண்ணெய் இளகிவிடுகிறது. அவ்வளவுதான் விஷயம்.

மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலில் உறைந்து போகிற மாதிரிதான் இதுவும். போல்ட் என்பது தோட்டாவைக் குழலுக்குள் தள்ளிப் பூட்டுகிற பாகம். அதற்குள் ஃபயரிங் பின், அதாவது தோட்டாவை அடிக்கிற ஊசி, ஓடுகிற துளையில் எண்ணெய் தடித்து நின்றால், ஸ்பிரிங் தள்ளுகிற வேகம் அதிலேயே செத்துவிடும். பின் போய்த் தொடும், ஆனால் பிரைமர் (தோட்டாவின் அடியில் இருக்கிற, அடிபட்டால் தீப்பற்றுகிற சின்ன மூடி) வெடிக்கிற அளவுக்கு அடிக்காது.

நான் இந்திய ராணுவத்தின் இ.எம்.இ. என்கிற பொறியியல் பிரிவில் ஆர்மரராக, அதாவது ஆயுதம் பழுதுபார்ப்பவனாக, இருந்தவன். ஒரு காலாட்படை யூனிட்டோடு திராஸில் குளிர்காலம் கழித்தேன். லடாக்கில் கார்கில் பக்கம், சுமார் 10,800 அடி உயரம். அங்கே ஒரு போஸ்ட்டில் டெஸ்ட் ஃபயரிங்கில் அடுத்தடுத்து மிஸ்ஃபயர், சுட்டால் வெடிக்கவில்லை. போஸ்ட் கமாண்டர் சாப், ரவுண்டு (தோட்டா) மோசம், மொத்தப் பெட்டியையும் திருப்பி அனுப்பு என்று சொல்லிவிட்டார். வெடிக்காத ரவுண்டுகளைக் கையில் வாங்கிப் பார்த்தேன். பிரைமரில் லேசான தடம்தான் இருந்தது. அதே ரவுண்டை எண்ணெய் இல்லாத ரைஃபிளில் போட்டதும் வெடித்தது. ரவுண்டில் குற்றமே இல்லை!

பையன்கள் எல்லாம் புதுசு. வெலிங்டனில் பயிற்சி முடித்தவர்கள். நீலகிரி மழையிலும் மூடுபனியிலும் ஒரே இரவில் துரு ஏறும். எண்ணெயைத் தாராளமாகப் போடு என்று அங்கே சொல்லிக் கொடுப்பது அந்த இடத்துக்குச் சரிதான். அதே பழக்கத்தைத் திராஸுக்கும் கொண்டுவந்துவிட்டார்கள்.

அத்தனை போல்ட்டையும் பிரித்து மண்ணெண்ணெயில் கழுவினோம், புகாரி அடுப்பிலிருந்து நன்றாகத் தள்ளி உட்கார்ந்து. பிறகு காய்ந்த துணியால் துடைத்தோம். ஃபயரிங் பின்னும் அதன் துளையும் முழுக்கக் காய்ந்திருக்க வேண்டும். உலோகத்தோடு உலோகம் உரசுகிற இடங்களில் மட்டும், குளிருக்கான மெல்லிய எண்ணெயைத் துணியில் தொட்டுத் தேய்த்தோம். விரலால் தடவினால் லேசாக வழுக்க வேண்டும், விரலில் ஒட்டக் கூடாது. அந்தக் கணக்குதான்.

அதோடு முடியவில்லை. பையன்கள் ராத்திரி ரைஃபிளைப் புகாரி எரிகிற பங்கருக்குள் வைத்துக்கொண்டு படுப்பார்கள். குளிர்ந்த இரும்பு சூட்டுக்குள் வந்ததும் வியர்க்கும். அந்த நீர் போல்ட்டுக்குள்ளும் டிரிகர் பகுதிக்குள்ளும் இறங்கும். காலையில் வெளியே கொண்டுபோனதும் பனிக்கட்டியாகிவிடும். அதனால் சூடில்லாத வாசல் அறையில் உறை போட்டு, காவலோடு வைக்கச் சொன்னேன். நீங்களும் வேட்டை முடிகிற வரை சூடில்லாத இடத்திலேயே, சட்டப்படி பூட்டி வையுங்கள். உள்ளே கொண்டுவந்தே ஆக வேண்டும் என்றால், வெளியிலேயே பையில் போட்டு இறுக்கிக் கட்டிக் கொண்டுவாருங்கள். அறையின் சூட்டுக்கு வந்த பிறகே பையைத் திறங்கள். திறந்ததும் பிரித்துத் துடைத்துவிடுங்கள்.

"பழைய ஆள் பழைய கதை சொல்கிறான், இப்போது செயற்கை எண்ணெய் வந்துவிட்டது" என்று யாராவது வருவார்கள். தெரியும் ஐயா. அமெரிக்க ராணுவம் கடுங்குளிருக்கென்றே தனி எண்ணெய் வைத்திருக்கிறது. நல்ல எண்ணெய்தான். அதையும் ஃபயரிங் பின் துளையில் ஊற்றினால் கரியும் தூசியும் சேர்ந்து பிசினாகிவிடும். ராணுவ ரகசியத்தை எழுதுகிறான் என்று சொல்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: சோவியத்தோடு நடந்த 1939-40 குளிர்காலப் போரில் ஃபின்லாந்துக்காரர்கள் எண்ணெயைத் துடைத்தெடுத்த ஆயுதங்களோடுதான் சண்டை போட்டார்கள். உலகத்துக்கே தெரிந்த சங்கதி இது.

ஆயுதம் பராமரிப்பவன் பேச்சை யாரும் கேட்பதில்லை, அதுதான் என் ஆதங்கம். ஓய்வுக்குப் பிறகு ஒரு ஏஜென்சி மூலம் வங்கி வாசலில் கன்மேனாக நின்றேன். கையில் 12 போர் (bore) இரட்டைக் குழல் துப்பாக்கி. அதற்குக் கொடுத்த தோட்டாக்கள் ஈரத்தில் உப்பி, குழலில் தோட்டா உட்காருகிற சேம்பருக்குள்ளேயே போகவில்லை. மாற்றிக் கொடுங்கள் என்று எழுதியே கேட்டேன். "சும்மா தோளில் மாட்டிக்கொண்டு நில்லுங்க, போதும்" என்றார்கள். பன்னிரண்டு மணி நேரம் நிற்கிறவன் உயிருக்கு அவ்வளவுதான் மதிப்பா? இன்றைக்கும் அதை நினைத்தால் மனசு கொதிக்கிறது.

சரி, உங்கள் விஷயம். இனி கிளிக் என்று கேட்டால் உடனே போல்ட்டை இழுக்காதீர்கள். தாமதமாக வெடிக்கிற ரவுண்டாக இருக்கலாம். குழலை ஆபத்தில்லாத திசையில் பிடித்தபடி குறைந்தது 30 விநாடி, முடிந்தால் ஒரு நிமிடம் காத்திருந்து பிறகு வெளியே எடுங்கள். கையுறையைக் கழற்றி இரும்பைத் தொட வேண்டாம், அந்தக் குளிரில் தோல் ஒட்டிக்கொள்ளும்.

எடுத்த ரவுண்டின் பிரைமரைப் பாருங்கள். தடம் மேலோட்டமாக இருந்தால் நான் சொன்ன எண்ணெய் அல்லது பனிக்கட்டி. இரண்டும் இல்லையென்றால் தளர்ந்த ஸ்பிரிங். ஆழமாகப் பதிந்தும் வெடிக்கவில்லை என்றால் ரவுண்டு கெட்டிருக்கிறது. அதிக எண்ணெய் பிரைமருக்குள் கசிந்தாலும் அப்படி ஆகும். எது என்று பார்த்து, ரைஃபிள் மாடலையும் சேர்த்துக் கீழே எழுதுங்கள். மேற்கொண்டு சொல்கிறேன்.