பள்ளிக்கரணை ஓரம் மனை வாங்குகிறீர்களா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

தென்சென்னையில் பள்ளிக்கரணை சதுப்புநிலத்தைச் சுற்றியுள்ள பெரும்பாக்கம், சித்தாலப்பாக்கம், மேடவாக்கம் பக்கத்திலிருந்து வந்த கேள்விகளில் சிலவற்றை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

பெரும்பாக்கத்தில் ஒரு மனைக்கு முன்பணம் கொடுத்துவிட்டோம். பட்டா நிலம்தான். ராம்சார் எல்லைக்குள் வருகிறது என்று சிலர் பயமுறுத்துகிறார்கள். பட்டா இருக்கும்போது என்ன பயம்?

நிலம் யாருடையது என்பதற்குத்தான் பட்டா. அதில் என்ன கட்டலாம் என்பது வேறு கணக்கு. 2022-ல் பள்ளிக்கரணை சதுப்புக்கு, உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற ராம்சார் தகுதி கிடைத்தபோது குறிக்கப்பட்ட பரப்பு சுமார் 1,248 ஹெக்டேர். அதில் காப்புக்காடு ஏறக்குறைய 698 ஹெக்டேர்தான். மீதியில் பட்டா நிலங்களும் அடங்கும். வழக்கு, வம்பு எல்லாம் இந்த மீதியில்தான். வனத்துறை வேலி போட்ட இடத்தில் யாரும் மனை விற்பதில்லையே!

2017-ஆம் ஆண்டின் ஈரநில விதிகள், ஈரநிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்றுவதைத் தடுக்கின்றன. கடந்த பத்தாண்டுகளின் சராசரி உச்ச வெள்ள மட்டத்திலிருந்து 50 மீட்டருக்குள் படகுத்துறை தவிர நிரந்தரக் கட்டுமானம் கூடாது என்கின்றன. அதற்கும் மேலே, எல்லையைக் களத்தில் அளந்து உறுதிசெய்யும் வரை ராம்சார் பகுதியிலும் சுற்றி ஒரு கிலோமீட்டரிலும் அனுமதி வழங்கக் கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு 2025 செப்டம்பரில் உத்தரவிட்டது. அதன் இன்றைய நிலையை வழக்கறிஞர் மூலம் பார்த்துவிடுங்கள். சர்வே எண்ணையும் உட்பிரிவையும் குறிப்பிட்டு சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்திடம் (சி.எம்.டி.ஏ.) எழுத்தில் கேளுங்கள். பதில் வரும் வரை மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள். விற்பவர், “அதெல்லாம் பக்கத்துச் சர்வே எண்ணுக்குத்தான்” என்பார். எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லிப் பாருங்கள்.

இன்னொன்று. ரெரா எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்துக்கு உட்பட்ட திட்டத்தில், ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்குவதே சட்டமீறல். நீங்கள் எவ்வளவு கொடுத்தீர்கள் என்று எழுதவில்லை.

தெருவைவிட நான்கடி உயரத்துக்கு கிராவல் அடித்திருக்கிறார்கள். இனி வெள்ளம் வராது என்கிறார்களே?

உங்கள் மனைக்குள் வராமல் இருக்கலாம். பக்கத்து வீட்டுக்குப் போகும். அவர் அடுத்த வருடம் ஐந்தடி உயர்த்துவார். தென்சென்னை ஏரிகள் பலவற்றின் உபரிநீர் சதுப்பில் இறங்கி, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்கும், அங்கிருந்து கோவளம் முகத்துவாரத்துக்கும் போகிறது. கடல் மட்டம் ஏறி நிற்கும் நேரத்தில் கால்வாய் வடியாது. தண்ணீர் சதுப்பிலேயே தேங்கும், இடம் போதாவிட்டால் தெருவுக்கு வரும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை விட்ட பிறகும் இந்தப் பகுதிகளில் தண்ணீர் வடியாமல் நின்றதை மறந்திருக்க மாட்டீர்கள்.

நீர்வளத்துறையின் தடையின்மைச் சான்றைக் கேட்டு வாங்குங்கள். முதல் பக்கத்து முத்திரையைப் பார்த்துவிட்டு மூடி வைத்துவிடாமல், நிபந்தனைகள் வரும் பக்கங்களைப் படியுங்கள். எந்த மட்டம் வரை நிலத்தை உயர்த்த வேண்டும், வாய்க்காலுக்கு எவ்வளவு அகலம் விட வேண்டும் என்பதெல்லாம் அங்கேதான் இருக்கும். பிறகு வருவாய்த்துறையின் கிராமப் புலப்படத்தை (சர்வே எண்வாரியான நில வரைபடம்) மனைப்பிரிவு வரைபடத்தின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். புலப்படத்தில் வாய்க்காலாக ஓடும் கீற்று, வரைபடத்தில் சாலையாக மாறியிருந்தால் அந்த மனை வேண்டாம். விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் சரி.

2012-ல் வாங்கிய ‘பஞ்சாயத்து அப்ரூவல்’ மனை. வரன்முறைப்படுத்த முடியுமா?

மனைப்பிரிவுக்கு அனுமதி தரும் அதிகாரம் ஊராட்சித் தலைவருக்கு இல்லை. 20.10.2016-க்கு முன் பதிவான, அனுமதி பெறாத மனைகளுக்காக 2017-ல் வரன்முறைத் திட்டம் வந்தது. அவகாசமும் பலமுறை நீட்டிக்கப்பட்டது. ஆனால் நீர்நிலை, வாய்க்கால், அரசுப் புறம்போக்கு நிலங்களுக்கு அந்த வழி கிடையாது. வருவாய்த்துறையின் நிலக் கணக்கான ‘அ’ பதிவேட்டில் உங்கள் சர்வே எண்ணுக்கு நேரே ‘கழுவெளி’ (சதுப்பு) என்றோ ‘ஏரி’ என்றோ இருந்தால் விண்ணப்பக் கட்டணமும் வீண்.

எங்கள் மனைப்பிரிவில் பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தை விற்க முயல்கிறார்கள்.

10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு என்றால், சாலை போக 10 சதவீதத்தைப் பூங்கா போன்ற பொதுத் திறவிடமாகத் தானப் பத்திரம் மூலம் ஒப்படைத்தாக வேண்டும். பத்திரத்தின் நகலைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் எடுத்து, உள்ளாட்சி ஆணையருக்குப் புகாருடன் அனுப்புங்கள்.

பக்கத்தில் வரும் புதிய மனைப்பிரிவை நாங்கள் எதிர்க்க வழி உண்டா?

உண்டு, ஆனால் நேரம்தான் முக்கியம். நிலப் பயன்பாட்டை மாற்றக் கேட்டால் நாளிதழில் அறிவிப்பு வரும். அப்போதே ஆட்சேபத்தைக் கொடுத்துவிடுங்கள். “நெரிசல் அதிகமாகும்” என்று எழுதினால் யாரும் பொருட்படுத்த மாட்டார்கள். எந்த வாய்க்கால், எந்தச் சர்வே எண், மழைக்காலத்தில் எங்கே வரை தண்ணீர் நின்றது என்பதைத் தேதியிட்ட புகைப்படத்துடன் கொடுங்கள். பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போவதானால், பிரச்சினை எழுந்ததிலிருந்து ஆறு மாதம் கெடு. தக்க காரணம் காட்டினால் கூடுதலாக 60 நாள். சுற்றுச்சூழல் அனுமதியையே எதிர்த்து மேல்முறையீடு செய்வதென்றால் கெடு 30 நாள்தான்.