போடிமெட்டு ஏற ஒரு கார்: 15 லட்சம் கடன் வாங்கலாமா?

கேள்வி: சார், எனக்கு வயது 38. போடிநாயக்கனூரில் ஏலக்காய் வியாபாரம், பூப்பாறைப் பக்கம் நாலு ஏக்கர் தோட்டம். தோட்டத்து மண் ரோட்டுக்கு ஜீப் இருக்கிறது. அது போக, வாரம் இரண்டு தடவையாவது மெட்டு ஏறி இறங்குகிறேன். வண்டி ஓட்டுவது எனக்கு ரொம்பப் பிடிக்கும். மதுரையில் ஃபோக்ஸ்வாகன் விர்ட்டஸ் ஜிடி 1.5 டர்போவை ஓட்டிப் பார்த்ததிலிருந்து வேறு எதிலும் மனசு நிற்கவில்லை. ஷோரூம் விலை 18.5 லட்சம், ஆன்ரோடு 22 லட்சம். வியாபார முதலைத் தொடாமல் கையில் 7 லட்சம் இருக்கிறது. மீதி 15 லட்சத்தை 9 சதவீத வட்டியில் 7 வருடக் கடனாக வாங்க நினைக்கிறேன். என் மச்சான், "இதே காசுக்கு 360 டிகிரி கேமரா, பெரிய சன்ரூஃப், தானாக எச்சரித்து பிரேக் போடுகிற அடாஸ் எல்லாம் உள்ள எஸ்யூவி வருது. நீ கையால் ஹேண்ட்பிரேக் இழுக்கிற வண்டிக்கு அலையிறே" என்று சிரிக்கிறார். சராசரி வருமானம் மாதம் 1.4 லட்சம். ஆனால் 2022-ல் மாதம் 60 ஆயிரம்கூட நிற்கவில்லை. கடை பேரில் வாங்கினால் ஜிஎஸ்டி திரும்பக் கிடைக்குமாமே? வீட்டில் மனைவி, பள்ளிக்கூடம் போகும் மகள், முட்டி வலியுள்ள அம்மா. என்ன செய்யட்டும்?

பதில்: உங்கள் மச்சான் போட்ட பட்டியலில் சன்ரூஃபை முதலில் அடித்துவிடுங்கள். நானும் ஒரு காலத்தில் அதற்கென்றே கூடுதல் காசு கொடுத்து ஒரு கார் வாங்கினேன். ஐந்து வருடத்தில் நான் அதைத் திறந்தது நாலு முறை. குமுளிக்குப் போகும் வழியில் வண்டியை நிறுத்தும்போதெல்லாம் அதன்மேல் உட்கார்ந்த குரங்குகள்தான் என்னைவிட அதிகம் அனுபவித்தன.

360 டிகிரி கேமரா நெருக்கமான இடத்தில் நிறுத்த உதவும், சந்தேகமில்லை. ஆனால் பின்னால் வாங்கிப் பொருத்திக்கொள்ளக்கூடிய சாமான் அது. வயரை வெட்டி ஒட்டாமல், கம்பெனி ஒப்புக்கொள்ளும் துணைப்பொருளாகப் போட்டால் வாரன்டிக்கும் வில்லங்கம் வராது. ஹேண்ட்பிரேக்கைப் பற்றி மச்சான் சிரித்தால் சிரிக்கட்டும். ஏற்றத்தில் வண்டியை நிறுத்தி எடுத்துப் பழகியவருக்கு அது குறையே இல்லை.

அடாஸ் மட்டும் யோசிக்க வேண்டிய விஷயம். கோடு தாண்டினால் எச்சரிக்கும் பகுதி ரோட்டில் போட்ட கோட்டைக் கேமராவால் படித்துத்தான் வேலை செய்கிறது. மூடுபனியில், கோடு அழிந்த கொண்டை ஊசி வளைவில் அதை நம்பி ஓட்ட முடியாது. ஆனால் முன்னால் போகிற லாரி திடீரென நின்றால் தானாக பிரேக் போடும் பகுதி இருக்கிறதே, தேனியிலிருந்து மதுரை போகும் சமவெளி ரோட்டில், களைத்துப்போன ராத்திரியில், அது உயிரைக் காப்பாற்றும். மாதம் எத்தனை ராத்திரி அப்படி ஓட்டுகிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். நாலைந்துக்கு மேல் என்றால் மச்சான் பக்கம் நியாயம் இருக்கிறது. இல்லையென்றால், விர்ட்டஸ் 2023-ல் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் 5 நட்சத்திரம் வாங்கிய வண்டி என்பதே எனக்குப் போதும்.

இனி ஓட்டும் சுகம். மற்ற ஆலோசகர்கள் இதைச் 'சொகுசுச் செலவு' என்று ஒரே கோட்டில் அடித்துவிடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மலையடிவாரத்து முந்தலிலிருந்து மெட்டு வரை 17 கொண்டை ஊசி வளைவு. வாரம் இரண்டு தடவை ஏறி இறங்கினால் 68 வளைவு, வருடத்துக்கு மூவாயிரத்து ஐநூறு. இவ்வளவு திருப்பமும் உங்கள் வேலையின் பாதியாக இருக்கும்போது ஸ்டீயரிங் கைக்கு இணங்குவது விளையாட்டுச் சமாச்சாரம் இல்லை. தொடுதிரையும் கேமராவும் நாலு வருடத்தில் பழசாகத் தெரியும். நல்ல சேஸியும் இன்ஜினும் அப்படிச் சீக்கிரம் அலுக்காது, பின்னால் வாங்கிப் பொருத்தவும் முடியாது. ஆக, இரண்டு வண்டிக்கும் ஒரே விலை என்றால் நான் உங்கள் கட்சி.

ஆனால் உங்களுக்கு ஆபத்து வேறு பக்கத்திலிருந்து வருகிறது. கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். 15 லட்சம், 9 சதவீதம், 7 வருடம் என்றால் மாதத் தவணை 24,134 ரூபாய். மொத்த வட்டி சுமார் 5.27 லட்சம். 1.4 லட்சம் வருமானத்தில் இது ஆறில் ஒரு பங்கு, பார்க்க அடக்கமாகத்தான் தெரியும். அதையே 2022-க்கு எடுத்துப் போய் வையுங்கள். 60 ஆயிரத்தில் 24 ஆயிரம்! அப்போது வளைவில் திரும்பும்போது சுகம் இருக்காது, தவணைத் தேதிதான் நினைவுக்கு வரும்.

ஏலக்காயைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2018 வெள்ளமும் அடுத்து வந்த வறட்சியும் காயைக் குறைக்க, 2019-ல் புற்றடி ஏலத்தில் கிலோ 7,000 ரூபாய் வரை தொட்டது. மூன்றே வருடத்தில் ஆயிரத்துக்கும் கீழே வந்து நின்றது. விலை ஏறின வருடத்தில் கட்டின வீடுகளும் வாங்கின வண்டிகளும் போடியில் எத்தனை தெருவில் நிற்கின்றன, அதில் எத்தனை கைமாறின என்பதும் உங்களுக்குத் தெரியும். சம்பளக்காரர் சராசரி வருமானத்தை வைத்துக் கடன் கணக்குப் போடலாம். மலைப்பயிரை நம்பிய நீங்கள் மோசமான வருடத்தை வைத்துத்தான் போட வேண்டும்.

அப்படிப் போட்டால்: 60 ஆயிரத்தில் ஐந்தில் ஒரு பங்கு 12 ஆயிரம். 6 லட்சம் கடனுக்கு, அதே 9 சதவீதத்தில், 5 வருடத் தவணை 12,455 ரூபாய். கையிலுள்ள 7 லட்சத்தோடு சேர்த்தால் 13 லட்சம். உங்கள் வண்டியின் விலை இதுதான், 22 அல்ல.

13 லட்சத்தில் ஓட்டும் சுகத்தை விட்டுவிட வேண்டுமா? வேண்டாம். விர்ட்டஸ் 2022-ல்தான் வந்தது. அந்த வருடத்து, அடுத்த வருடத்து ஜிடி வண்டிகள் இப்போது கைமாறத் தொடங்கிவிட்டன. காப்பீட்டுக் கணக்கிலேயே மூன்று வருடம் முடிந்த வண்டியின் மதிப்பை 40 சதவீதம் கழித்துத்தான் போடுகிறார்கள். அந்தக் கழிவை முதல் சொந்தக்காரர் சுமந்துவிட்டார். கியர் ஆட்டோமேட்டிக் என்றால் சர்வீஸ் பதிவு முழுசாக இருக்கிற வண்டியை மட்டும் பாருங்கள். மதுரை போய்த் திரும்ப ஒரு நாள் ஆகும் ஊரில் இருந்துகொண்டு கியர்பாக்ஸோடு மல்லுக்கட்ட முடியாது.

எல்லையில் இருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கோட்டயத்திலும் கொச்சியிலும் கேஎல் நம்பர் (கேரளப் பதிவு) வண்டி விலை குறைவாகத் தெரியும். அதைப் போடிக்குக் கொண்டுவந்து 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் நம்பர் மாற்றியாக வேண்டும், இங்கே வரி கட்ட வேண்டும். அங்கே கட்டிய வரியில் மிச்சத்தைத் திரும்ப வாங்க அலைய வேண்டியவரும் நீங்கள்தான். இதையெல்லாம் விலையோடு கூட்டிய பிறகு மலிவாக இருந்தால் வாங்குங்கள். மழைநீரில் நின்ற வண்டியா என்று சீட்டுக்கு அடியில் உள்ள போல்ட்டில் துரு இருக்கிறதா பார்ப்பதும் நல்லது.

புது வண்டிதான் வேண்டும் என்று மனைவி சொன்னால், ஹூண்டாய் ஐ20 என்-லைனையும் ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். 998 சிசி டர்போ, 120 குதிரைத்திறன், நீளம் 4 மீட்டருக்குள். இதனால் 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 18 சதவீதம்தான். விர்ட்டஸ் 1.5-க்கு 40 சதவீதம். தமிழ்நாட்டு சாலை வரியிலும் 5-லிருந்து 10 லட்சம் வரை 13 சதவீதம், அதைத் தாண்டி 20 லட்சம் வரை 18. ஜிடியின் இழுவை இதில் வராது, பொய் சொல்ல மாட்டேன். ஆனாலும் வளைவில் சிரிக்க வைக்கும் வண்டிதான்.

கடை பேரில் வாங்கினால் ஜிஎஸ்டி திரும்பக் கிடைக்கும் என்று சொன்னவரிடம் இனி வரி ஆலோசனை கேட்காதீர்கள். 13 பேர் வரை உட்காரும் பயணிகள் வாகனத்துக்கு, கார் விற்பவர், வாடகைக்கு விடுபவர், ஓட்டக் கற்றுக்கொடுப்பவர் தவிர மற்றவர்களுக்கு உள்ளீட்டு வரிக் கழிவு கிடையாது. 18.5 லட்சம் விலையில் சுமார் 5.29 லட்சம் ஜிஎஸ்டி. அது போனது போனதுதான். கிடைப்பது தேய்மானம் மட்டும்: வருடத்துக்கு 15 சதவீதம், குறைந்து வரும் மதிப்பில், அதுவும் வியாபாரத்துக்கு ஓடிய பங்குக்கு. நீங்கள் விற்றுமுதலில் குறிப்பிட்ட பங்கையே லாபமாகக் காட்டும் உத்தேச வருமான முறையில் கணக்குக் காட்டுபவர் என்றால் அதையும் தனியாகக் கேட்க முடியாது. 10 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு விற்பவர் பிடிக்கும் 1 சதவீத வரியை மட்டும் வருமான வரிக் கணக்கில் மறக்காமல் கழித்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் கேட்டும் புது ஜிடிதான் வேண்டும் என்றால் ஒரு ஒத்திகை பாருங்கள். இந்த மாதத்திலிருந்து 24 ஆயிரத்தைத் தவணை போலவே தனி ஆர்.டி.யில் கட்டுங்கள். 24 மாதம் தவறாமல் கட்டினால் அசலே 5.76 லட்சம், கடன் 15-லிருந்து 9 லட்சத்துக்கு இறங்கிவிடும். நடுவில் இரண்டு மாதம் தவறினால் கடன் வாங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது உங்களுக்கே தெரிந்துவிடும், அதுவும் அபராதம் இல்லாமல்.

கடைசியாக, மச்சான் பட்டியலிலும் உங்கள் பட்டியலிலும் இல்லாத ஒன்று. விர்ட்டஸ் தாழ்ந்த செடான். முட்டி வலிக்காரருக்கு உள்ளே குனிந்து உட்காருவதும் எழுந்திருப்பதும் எந்த கேமராவும் தீர்க்காத கஷ்டம். முன்பணம் கட்டும் முன் வண்டியை போடிக்கே வரவழைத்து, அம்மாவைப் பின்சீட்டில் உட்கார வைத்து, முந்தலைத் தாண்டி மூன்று வளைவு ஏற்றி இறக்குங்கள். வீட்டு வாசலில் அவர் கையூன்றாமல் எழுந்திருக்கிறாரா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் செடானை விட்டுவிட்டு, கொஞ்சம் உயரமாக உட்காரக்கூடிய டர்போ வண்டிகளில் தேடுங்கள். அந்த 13 லட்சத்தை மட்டும் தாண்டாதீர்கள்.