பழைய ஆல் வீல் டிரைவ் வேகன் வாங்கப் போகிறீர்களா? பானெட்டைத் திறக்கும் முன் டயரைப் பாருங்கள்

வாசகர் கேள்வி: 2009 மாடல் சுபாரு அவுட்பேக் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. 2.5 லிட்டர் பெட்ரோல், ஆட்டோமேட்டிக், 1,62,000 கிலோமீட்டர் ஓடியது. எஞ்சின் சத்தமே இல்லை, பெயிண்ட் பளபளக்கிறது, முன்னால் இரண்டு டயர் புத்தம் புதுசு. டைமிங் பெல்ட் மாற்ற இன்னும் நேரம் இருக்கிறது என்கிறார் விற்பவர். மெக்கானிக்கிடம் கொண்டுபோகும் முன் நானே எதையெல்லாம் பார்க்கலாம்? எதைக் கண்டால் பேசாமல் திரும்பிவிட வேண்டும்?

நீங்கள் சொன்னதில் எனக்கு உறுத்துவது அந்தப் புது டயர்கள்தான். சாதாரண முன்சக்கர இழுவைக் காரில் முன்னால் இரண்டு டயர் புதுசு என்றால் சந்தோஷப்பட்டுவிட்டுப் போகலாம். ஆல் வீல் டிரைவ் வண்டியில் நான்கு சக்கரமும் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டிருக்கிறது, ஒன்று கொஞ்சம் வேகமாகச் சுற்றினாலும் அந்த வித்தியாசத்தை நடுவில் இருக்கும் கிளட்ச் தொகுப்போ டிஃபரன்ஷியலோ (சக்கரங்கள் வெவ்வேறு வேகத்தில் சுற்ற இடம்தரும் பற்சக்கரத் தொகுப்பு) தாங்கியாக வேண்டும்.

ஒரு சின்ன கணக்கு போடுவோம். இந்த வண்டிகளில் பரவலாக வரும் 225/55 ஆர்17 டயரின் சுற்றளவு சுமார் 2,134 மில்லிமீட்டர். டயரின் பட்டை, அதாவது தரையில் படும் ட்ரெட், 1 மி.மீ. தேய்ந்தால் சுற்றளவு 6 மி.மீ.க்குச் சற்று மேல் குறையும். புது டயருக்கும் பழசுக்கும் பட்டை உயரத்தில் 3 மி.மீ. வித்தியாசம் என்றால் தேய்ந்த சக்கரம் கிலோமீட்டருக்கு நான்கு சுற்று கூடுதலாகச் சுற்றும். நான்கு சுற்றுதானே என்று தோன்றும். ஆனால் வளைவில் மட்டும் வந்துபோக வேண்டிய அந்த உரசல் நேர் சாலையிலும் நிற்காமல் நடக்கிறது, ஆயில் சூடாகிறது, கிளட்ச் தட்டுகள் தேய்கின்றன. சுபாரு வண்டிகளுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் வரம்பே நான்கு டயருக்குள் சுற்றளவு வித்தியாசம் கால் அங்குலத்துக்குள், அதாவது சுமார் 6 மி.மீ.க்குள் இருக்க வேண்டும் என்பதுதான். பட்டையில் அது வெறும் 1 மி.மீ.

அதனால் போகும்போது ஒரு ட்ரெட் அளவுகோல் கொண்டுபோங்கள். நான்கு டயரையும் உள்பக்கம், நடு, வெளிப்பக்கம் என மூன்று இடத்தில் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். ஒரே பிராண்டா, ஒரே மாடலா என்றும் பாருங்கள், ஏனென்றால் அளவு எண் ஒன்றாக இருந்தாலும் கம்பெனிக்குக் கம்பெனி நிஜச் சுற்றளவு கொஞ்சம் மாறும். டயரின் பக்கவாட்டில் டாட் என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கம் தயாரித்த தேதி: 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரம். நான்கு டயர், நான்கு பிராண்ட், நான்கு வெவ்வேறு வயது என்றால் அந்த வண்டியை வைத்திருந்தவர் எப்படிப்பட்டவர் என்று டயரே சொல்லிவிடும். டயருக்கே கணக்குப் பார்த்தவர் கியர்பாக்ஸ் ஆயிலை மட்டும் நேரத்துக்கு மாற்றியிருப்பாரா?

சரி, டயர் பொருந்தவில்லை என்பதற்காக உடனே கைவிட வேண்டாம். பாதிப்பு உள்ளே போயிருக்கிறதா என்று கண்டுபிடிக்க ஒரு எளிய சோதனை இருக்கிறது, அதற்குக் காசும் வேண்டாம், கருவியும் வேண்டாம். வண்டியை இருபது நிமிஷம் ஓட்டி நன்றாகச் சூடாக்குங்கள். காலியான, காய்ந்த, சமமான தரையில் ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுசாக ஒடித்து, ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் நடை வேகத்தில் வட்டமடியுங்கள். அப்புறம் மறுபக்கம். பிறகு ரிவர்சிலும் அதே. ஆரோக்கியமான வண்டி வெண்ணெய் மாதிரி சுற்றும். யாரோ பிரேக்கை விட்டு விட்டுப் பிடிப்பது போல வண்டி இழுத்தாலோ, டயர் தரையில் துள்ளி உரசினாலோ, ஆக்சிலரேட்டரை விட்டதும் சட்டென்று நின்றாலோ நடு இணைப்பு விடுபட மறுக்கிறது என்று அர்த்தம். ஆட்டோமேட்டிக்கில் பெரும்பாலும் அது பல தட்டு கிளட்ச் அல்லது அதைக் கட்டுப்படுத்தும் சொலினாய்டு என்ற மின்வால்வு. மேனுவல் கியர் வண்டியாக இருந்தால் விஸ்கஸ் கப்ளிங், அதாவது கெட்டியான திரவத்தால் பிடிக்கும் இணைப்பு. ஆயில் மாற்றினால் சரியாகிவிடும் என்பார்கள். சில நேரம் உண்மையிலேயே சரியாகும், ஆனால் அந்தப் பரிசோதனையை விற்பவர் தன் காசில் செய்துவிட்டு வரட்டும். இதே சோதனையில் முன்பக்கம் டக் டக் டக் என்று தாளமாகச் சத்தம் வந்தால் அது வேறு விஷயம், ஆக்சில் ஜாயின்ட் போயிருக்கிறது. அது பயப்படும் செலவு இல்லை.

அடுத்தது எஞ்சின். வண்டியைப் பார்க்கப் போகும் நாளில் "நான் வரும்வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள்" என்று விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டில் கை வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் எதற்காக என்று கேளுங்கள். நானே ஒருமுறை "இப்போதுதான் கடைக்குப் போய் வந்தேன்" என்ற பேச்சை நம்பி, மறுநாள் காலையில் வீட்டு வாசலில் புகை மண்டலத்துக்கு நடுவே நின்றிருக்கிறேன். குளிர்ந்த எஞ்சினில்தான் பெல்ட் கிறீச்சிடுவதும் பிஸ்டன் தட்டும் சத்தமும் நீலப் புகையும் ஒளிய முடியாது.

உங்கள் வண்டியில் இருப்பது இ.ஜே. வரிசை 2.5 லிட்டர் பாக்ஸர் எஞ்சின், சிலிண்டர்கள் இரண்டு பக்கமும் படுத்தபடி இருக்கும் வகை. இதன் பிரபலமான நோய் ஹெட் கேஸ்கெட், அதாவது எஞ்சின் பிளாக்குக்கும் அதை மூடும் ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடு. 1990-களின் பிற்பகுதியில் வந்த இரட்டை கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) எஞ்சின்களில் எரிந்த வாயு உள்ளுக்குள்ளேயே கூலண்டில், அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவத்தில், கலக்கும், வெளியே ஒரு சொட்டும் தெரியாது. பிறகு வந்த ஒற்றை கேம் வகையில் பெரும்பாலும் வெளிக்கசிவு. ஹெட் பக்கவாட்டில் இருப்பதால் கசிவு அதன் கீழ் விளிம்பில்தான் தெரியும், மேலே இருந்து எட்டிப் பார்த்தால் ஒன்றும் புரியாது. டார்ச்சோடு கீழே குனிந்து, எஞ்சின் பிளாக்கும் ஹெட்டும் சேரும் கோட்டின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். ஈரமான எண்ணெய்ப் படலமோ கூலண்ட் காய்ந்த வெள்ளை அல்லது பச்சைப் பொருக்கோ இருக்கிறதா? அந்த இடம் மட்டும் சந்தேகப்படும்படி பளிச்சென்று கழுவியிருக்கிறதா? கழுவிய எஞ்சினைப் பார்த்து மயங்காதீர்கள், எனக்குத் தூசி படிந்த எஞ்சின்தான் பிடிக்கும். கசிவு எங்கே தொடங்குகிறது என்பதை அந்தத் தூசி காட்டிக்கொடுத்துவிடும்.

உள்கசிவுக்கு இன்னொரு வழி. நீண்ட நேரம் ஓட்டிவிட்டு வந்து, ஏ.சி.யைப் போட்டபடி பதினைந்து இருபது நிமிஷம் நின்ற இடத்தில் ஓடவிடுங்கள். பக்கத்தில் இருக்கும் கூலண்ட் தொட்டியில் தொடர்ந்து குமிழி வந்தால் கிளம்பிவிடுங்கள். வெப்பநிலை முள் மெல்ல மேலே ஏறினாலும் அப்படித்தான். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் தொடவே கூடாது. கூலண்டுக்குள் எரிந்த வாயு இருக்கிறதா என்று காட்டும் நீல நிற ரசாயனச் சோதனை மெக்கானிக்குகளிடம் உண்டு, திரவம் மஞ்சளாக மாறினால் கேஸ்கெட் போயிற்று. ஆயில் மூடிக்கு அடியில் கொஞ்சம் வெளிறிய பிசின் இருந்தால் மட்டும் அலற வேண்டாம், குட்டிக் குட்டிப் பயணமாக ஓடிய வண்டியில் ஈரம் சேர்ந்து அப்படி ஆகும். கேஸ்கெட் ஏற்கனவே மாற்றியாயிற்று என்று சொன்னால் பில்லைக் கேளுங்கள். பல அடுக்கு எஃகு கேஸ்கெட் போட்டு, ஹெட்டைச் சமதளமாக இழைத்திருந்தால் அது குறை இல்லை, கூடுதல் தகுதி.

எஞ்சினின் வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூடவைக்கும் டைமிங் பெல்ட் விஷயத்தில் விற்பவர் சொல்வது பாதி உண்மை. வட அமெரிக்க அட்டவணைப்படி இந்த எஞ்சினுக்கு 1,05,000 மைல், அதாவது சுமார் 1,69,000 கிலோமீட்டர். உங்கள் வண்டி 1,62,000-இல்தான் இருக்கிறது. ஆனால் அதே அட்டவணையில் 105 மாதம் என்றும் ஒரு கெடு உண்டு, இரண்டில் எது முதலில் வருகிறதோ அது. 2009 வண்டிக்கு அந்தக் கெடு 2018 வாக்கிலேயே தாண்டிவிட்டது. பழைய பெல்ட்டோடுதான் இன்னும் ஓடுகிறது என்றால் அது வெடிக்காத பட்டாசு. இந்த எஞ்சினில் பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும், பெல்ட் செலவு எஞ்சின் செலவாகிவிடும். மாற்றியிருந்தால் பில்லில் பெல்ட்டோடு டென்ஷனர், ஐட்லர் புல்லிகள், வாட்டர் பம்ப் எல்லாம் இருக்கிறதா என்று பாருங்கள். பானெட்டுக்குள் ஒட்டிய ஸ்டிக்கரை நான் ஆதாரமாக எடுத்துக்கொள்வதில்லை. பில் இல்லையா? மாற்றவே இல்லை என்று வைத்து விலையைப் பேசுங்கள். அவுட்பேக்கில் 2013 மாடலிலிருந்து 2.5 லிட்டர் எஞ்சினுக்குச் செயின் வந்துவிட்டதால் புது மாடல் பார்ப்பவர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை.

வேகன் என்பதால் பின்பக்கத்துக்குத் தனியாக நேரம் ஒதுக்குங்கள். சுமை ஏற்றத்தான் இந்த வண்டியையே வாங்குகிறார்கள். பின்னால் டிரெய்லர் கொக்கி இருந்தால் என்ன இழுத்தார்கள், எவ்வளவு தூரம் என்று சகஜமாகப் பேச்சுக் கொடுங்கள். சக்கர மையத்திலிருந்து அதற்கு மேலே உள்ள பாடி வளைவின் விளிம்பு வரை இடது வலது இரண்டையும் அளந்து பாருங்கள், தொய்வு கண்ணுக்கே தெரியும் அளவில் இருந்தால் ஸ்பிரிங்கும் ஷாக்கும் களைத்துவிட்டன. டிக்கி கம்பளத்தைத் தூக்கி ஸ்டெப்னி குழியைத் தொட்டுப் பாருங்கள். அங்கே தண்ணீர் நின்ற தடம், துரு, மடிப்பு விழுந்த தகடு, புதிதாகத் தடவிய சீலர் இருந்தால் பின்னாலிருந்து அடி வாங்கி டிங்கரிங் பார்த்திருக்கிறார்கள், அல்லது எங்கிருந்தோ தண்ணீர் இறங்குகிறது. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், அதில் சேற்றுக் கோடு இருந்தால் வெள்ளத்தில் நின்ற வண்டி. டிக்கிக் கதவுக்கு வயர் போகும் ரப்பர் குழாயில் வயர்கள் மடிந்து மடிந்து அறுவது பழைய வேகன்களின் வழக்கமான தொல்லை. கதவை மெல்ல ஏற்றி இறக்கியபடி பின் வைப்பர், நம்பர் பிளேட் விளக்கு, லாக் எல்லாவற்றையும் சோதியுங்கள்.

இதற்குப் பிறகுதான் மெக்கானிக். லிஃப்டில் ஏற்றாமல் ஆல் வீல் டிரைவ் வண்டியை வாங்காதீர்கள், ஏற்ற விடமாட்டேன் என்று விற்பவர் சொன்னால் உங்கள் கேள்விக்குப் பதில் அதிலேயே வந்துவிட்டது. மெக்கானிக்கிடம் இதை மட்டும் குறிப்பாகக் கேளுங்கள்: பின் டிஃபரன்ஷியல் சீல் கசிகிறதா, பின்சக்கரங்களுக்கு விசை கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்டின் ஜாயின்டிலும் நடு பேரிங்கிலும் ஆட்டம் இருக்கிறதா, ஆக்சில் பூட் (ஜாயின்டை மூடும் ரப்பர் உறை) கிழிந்து கிரீஸ் தெறித்திருக்கிறதா, பின்பக்க சப்ஃபிரேம் (சஸ்பென்ஷனைத் தாங்கும் அடிச்சட்டம்) துருப்பிடித்திருக்கிறதா. பனியை உருக்கச் சாலையில் உப்புப் போடும் ஊரில் ஓடிய வண்டி என்றால் கடைசிக் கேள்விதான் முதல் கேள்வி. ஸ்கேனர் மாட்டும்போது பிழைக் குறியீடு இல்லை என்பதோடு விட்டுவிடாமல், ரெடினெஸ் மானிட்டர்கள், அதாவது வண்டியின் கணினி தானே செய்துகொள்ளும் சோதனைகள், முடிந்திருக்கின்றனவா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். பாதி முடியாமல் கிடந்தால் நேற்றோ இன்று காலையோ யாரோ குறியீட்டை அழித்திருக்கிறார்கள், அல்லது பேட்டரியைக் கழற்றி மாட்டியிருக்கிறார்கள்.

ஒருவேளை இதை விட்டுவிட்டு வோல்வோ, ஸ்கோடா, ஃபோக்ஸ்வாகன் வேகன் பக்கம் போனால் அங்கே ஆபத்து வேறு மாதிரி. அவற்றில் பலதும் ஹால்டெக்ஸ் இணைப்பு, அதாவது தேவைப்படும்போது பின்சக்கரங்களுக்கு விசை அனுப்பும் மின்னணுக் கட்டுப்பாட்டு கிளட்ச். அதன் பம்ப் செத்துப்போனால் வண்டி முரண்டு பிடிக்காது, சத்தம் போடாது, வெறும் முன்சக்கரக் காராகச் சாதுவாக ஓடும். காய்ந்த சாலையில் டெஸ்ட் டிரைவ் போனால் யாருக்குமே தெரியாது. வட்டமடிக்கும் சோதனை இங்கே உதவாது, ஸ்கேனரில் பம்பை இயக்கிப் பார்க்க வேண்டும், ஹால்டெக்ஸ் ஆயில் மாற்றிய பில்லையும் கேட்க வேண்டும்.

உங்கள் அவுட்பேக் வட்டமடிக்கும் சோதனையில் தேறி, கேஸ்கெட் விளிம்பு காய்ந்திருந்து, பெல்ட் பில் மட்டும் இல்லை என்றால் நான் வாங்குவேன். பெல்ட் கிட் செலவையும் நான்கு புது டயர் செலவையும் விலையில் கழித்துக் கேட்பேன். அந்த இரண்டு புது டயரைக் காட்டி விற்பவர் விலையை ஏற்றினால், ஜோடியை மட்டும் ஏன் மாற்றினீர்கள், பழைய டயர்கள் எங்கே என்று கேளுங்கள்.