துபாய், சிங்கப்பூர், மலேசியா: வேலை முடிந்து திரும்பும்போது கையில் என்ன நிற்கும்?

கேள்வி: தம்பி ஐடிஐ எலக்ட்ரீஷியன், ஓசூரில் மூன்று வருஷம் வேலை பார்த்தவன். துபாய், சிங்கப்பூர், மலேசியா மூன்றிலிருந்தும் வேலை வந்திருக்கிறது. அடிபட்டாலோ வேலை போனாலோ எங்கே பாதுகாப்பு அதிகம்?

பதில்: முதலில் ஒன்றை மனதில் வையுங்கள். சிங்கப்பூரில் சிபிஎஃப் என்கிற கட்டாயச் சேமிப்பு நிதி இருக்கிறதே என்று பலரும் சொல்வார்கள். அது அந்த நாட்டுக் குடிமக்களுக்கும் பிஆர் (நிரந்தரமாகத் தங்கும் உரிமை) வாங்கியவர்களுக்கும்தான். ஒர்க் பெர்மிட்டில் போகிற உங்கள் தம்பிக்கு அதில் ஒரு காசு சேராது. வெளிநாட்டுத் தொழிலாளியை வைத்துக்கொள்வதற்காக முதலாளி மாதாமாதம் கட்டுகிற லெவி என்ற கட்டணம் அரசாங்கத்துக்குப் போகிறது, அவர் பெயரில் எங்கேயும் நிற்பதில்லை. (அந்த லெவியை அவர் சம்பளத்தில் பிடிக்கவும் கூடாது, யாராவது பிடித்தால் அது சட்டவிரோதம்.) ஆகவே ஒரு நாட்டில் என்ன திட்டம் இருக்கிறது என்பதை விட, அதில் வெளிநாட்டுத் தொழிலாளிக்கு என்ன பங்கு என்றுதான் கேட்க வேண்டும்.

துபாயில் பென்ஷன் கிடையாது, வேலை முடியும்போது மொத்தமாகக் கொடுக்கிற கிராஜுவிட்டி உண்டு. ஒரு வருஷம் முடித்தவருக்கு முதல் ஐந்து வருஷத்துக்கு வருஷத்துக்கு 21 நாள் சம்பளம், அதற்குமேல் வருஷத்துக்கு 30 நாள். 2022 பிப்ரவரியில் வந்த புதிய சட்டப்படி, தானாக ராஜினாமா செய்தாலும் அது குறையாது, வேலை முடிந்த 14 நாளுக்குள் கொடுத்தாக வேண்டும். ஆனால் இந்தக் கணக்கெல்லாம் அலவன்ஸ் சேராத பேசிக் சம்பளத்தில்தான், நம் பிள்ளைகள் ஏமாறுகிற இடமும் இதுதான். மொத்தம் 2,000 திர்ஹாம் என்று ஒப்பந்தத்தில் போட்டிருக்கும், கீழே பார்த்தால் பேசிக் 800, மீதி அலவன்ஸ் என்று பிரித்திருக்கும். ஆறு வருஷம் கழித்து 800 பேசிக்குக் கிடைப்பது 3,600 திர்ஹாம். அதே 2,000-இல் பேசிக் 1,400 என்று இருந்திருந்தால் 6,300. மாதச் சம்பளம் ஒன்றுதான், அந்த ஒரு வரியில்தான் 2,700 திர்ஹாம் போகிறது.

வேலை போனால் கிடைக்கிற காப்பீட்டுக்கும் அதே பேசிக்தான் அளவு. 2023-இலிருந்து எல்லோரும் சேர வேண்டும், பேசிக் 16,000 வரை மாதம் 5 திர்ஹாம் பிரீமியம். பன்னிரண்டு மாதம் கட்டியிருந்தால், கம்பெனி வேலையை விட்டு எடுத்தபின் அதிகபட்சம் மூன்று மாதம் பேசிக்கில் 60 சதவீதம் வரும். தானாக விட்டுவந்தால் வராது. வேலையில் அடிபட்டால் சிகிச்சைச் செலவு முதலாளியுடையது, முதல் ஆறு மாதம் முழுச் சம்பளம், அடுத்த ஆறு மாதம் பாதி. உயிரே போனால் குடும்பத்துக்கு 24 மாத பேசிக், ஆனால் 18,000 திர்ஹாமுக்குக் குறையக் கூடாது.

சிங்கப்பூரில் ஊர் திரும்பும்போது சட்டப்படி வந்தே தீர வேண்டிய தொகை எதுவும் இல்லை. ஆனால் அடிபட்டால் அங்கே ஏற்பாடு நன்றாக இருக்கிறது. யார் மேல் தப்பு என்று பார்க்காமல் இழப்பீடு, சிகிச்சைச் செலவு, மருத்துவ விடுப்புச் சம்பளம் மூன்றும் உண்டு. அதுபோக பெர்மிட்டில் இருப்பவருக்கு வருஷத்துக்குக் குறைந்தது 60,000 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) முதலாளி மருத்துவக் காப்பீடு எடுக்க வேண்டும்.

மலேசியாவில்தான் சமீபத்தில் மாற்றம். 2019-இலிருந்து வெளிநாட்டவரும் சொக்சோ என்கிற சமூகப் பாதுகாப்பு அமைப்பின் வேலைவிபத்துக் காப்பீட்டில் இருக்கிறார்கள், 2025 அக்டோபர் சம்பளத்திலிருந்து நம் ஊர் பிஎஃப் மாதிரியான இபிஎஃப்பும் கட்டாயம், தொழிலாளி 2 சதவீதம், முதலாளி 2 சதவீதம். குறைந்தபட்சச் சம்பளமான 1,700 ரிங்கிட்டுக்கு இரண்டும் சேர்ந்து மாதம் சுமார் 68 ரிங்கிட். சின்னத் தொகைதான், ஆனாலும் அவர் பெயரில் இருக்கிறது, வேலை முடிந்து நாட்டை விட்டுப் போகும்போது எடுத்துக்கொள்ளலாம்.

என் தம்பியாக இருந்தால் என்ன சொல்வேன்? சிங்கப்பூர் சம்பளம் மற்ற இரண்டையும் விடத் தெளிவாக அதிகம், மாதாமாதம் தானே சேமிக்கிற பழக்கமும் இருக்கிறது என்றால் அங்கே போ என்பேன். வெளிநாட்டில் இருந்துகொண்டே நம் ஊர் என்பிஎஸ் பென்ஷன் திட்டத்தில் பணம் போட முடியும். கையில் பணம் நிற்காத ஆள் என்றால் துபாய், ஆனால் பேசிக் மொத்தச் சம்பளத்தில் பாதிக்குக் கீழே இருக்கிற ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட விடமாட்டேன்.

அப்புறம், பத்தாவது முடித்தவர் என்பதால் பாஸ்போர்ட்டில் ஈசிஆர் (வெளிநாட்டு வேலைக்குப் போக அரசின் அனுமதி தேவை என்கிற முத்திரை) இருக்காது, அதனால் ஈசிஆர்காரர்களுக்குக் கட்டாயமான 10 லட்ச ரூபாய் பிரவாசி காப்பீட்டை (வெளிநாடு போகும் தொழிலாளிகளுக்கான அரசுத் திட்டம்) இவர் எடுத்தே ஆக வேண்டும் என்று யாரும் சொல்லப்போவதில்லை. ஆகவே கிளம்புவதற்கு முன் ஒரு டெர்ம் இன்சூரன்ஸ் (உயிர் போனால் குடும்பத்துக்குப் பணம் வருகிற காப்பீடு) போடச் சொல்லுங்கள், அயலகத் தமிழர் நல வாரியத்திலும் பதிவு செய்யுங்கள். ஓசூர் பிஎஃப்பில் இருக்கிற பென்ஷன் பங்கை எடுக்க வேண்டாம், வேலை பார்த்த வருஷங்களைக் காட்டுகிற ஸ்கீம் சர்டிபிகேட் வாங்கி வையுங்கள். திரும்பி வந்து வேறு கம்பெனியில் சேர்ந்தால் அந்த மூன்று வருஷமும் பென்ஷனுக்குத் தேவையான பத்து வருஷக் கணக்கில் சேரும்.